நாற்காலியில் அரியமுத்து

குன்னம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்ததும் அரியமுத்துவுக்குக் காது சூடேறிவிட்டது. எண்பத்தாறாம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறான் அல்லவா, அதற்கு எதிராளி சாமிதுரை கொடுத்த பதில் அது. படத்தில் தலைவரின் பெரிய நாற்காலியில் அரியமுத்து உட்கார்ந்திருக்கிறான். குட்டைக் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்குகின்றன. ஒரு செருப்பு கழன்று விழுகிறது.

வரைந்தவன் லேசுப்பட்டவன் இல்லை. சப்பை மூக்கு, காதில் செருகிய பீடி, சைக்கிள் கடைக் கிரீஸ் படிந்த சட்டை, ஒன்றையும் விடவில்லை பாவி. சாமிதுரையின் கலர் போஸ்டரைப் பார்த்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட அரியமுத்து என்று கை நீட்டும். கூட்டம் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவன் தெருக்காரர்கள் தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பஞ்சாயத்து ஆபீஸில் அந்த நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றுதான் பழக்கம். தனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? மறுநாள் மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். வாங்கிவிடுவதென்று முடிவு செய்து, அக்கா பொன்னாயியிடம் சொல்லப் போனான்.

அவர்கள் தெருச் சுவர்களில் பசைத் தடம்தான் இருந்தது, ஒரு நோட்டீஸ்கூட மிச்சமில்லை. கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தான். அக்கா வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்குப் பக்கத்தில் அதே நோட்டீஸ் ஓரம்கூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் பக்குவமாக உரித்தார்களாம்.

"அக்கா, இது நம்மளக் கேலி பண்ணி வரைஞ்சது" என்றான்.

"தெரியும் தம்பி. நம்மாளு ஒருத்தன் அந்த நாக்காலில உக்காந்து, படத்துலகூட நான் பாத்ததில்ல" என்றாள் பொன்னாயி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாபஸ் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் பஸ் பிடித்து, அரியலூரில் அந்த நோட்டீஸ் அடித்த அச்சகத்துக்குப் போனான். படத்தை அச்சுக் கட்டையில் செதுக்கிய மாயவன், தன்னை அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டான். அரியமுத்து அவன் கையைப் பிடித்து, இப்படியொரு கையைத் தான் பார்த்ததே இல்லை என்று மனசாரச் சொன்னான். பிறகு, அதே படத்தை அடித்து அடியில் தனக்கு ஓட்டுக் கேட்டு இரண்டு வரி போட்டுத் தரச் சொன்னான்.

மாயவனுக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு கட்டை செதுக்கி, காலைத் தரையில் படும்படி வைத்துத் தருவதாகச் சொன்னான்.

"வேணாங்க" என்றான் அரியமுத்து. "கால் தரையில பட்டா, எந்திரிக்கப் போற மாரி தெரியும்."