கோட்டைக் கதவைத் திறந்தது யார்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவன் மனைவிக்கும் கல்யாணமானதிலிருந்து ஒரே விஷயத்தில்தான் ஓயாத சண்டை. இருவரும் சேர்ந்து ஆடும் வீடியோ கேமில், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது யார்? தளபதி என்பான் அவன். ராணியேதான் என்பாள் அவள். செத்த காவல்காரன் இடுப்பில் சாவி இல்லாதது, ராணியின் அறையில் ஈரச் செருப்பு கிடந்தது என்று சாப்பாடு ஆறும்வரை சாட்சி அடுக்குவாள். அவளுக்கு அவன் வைத்த பெயரே வக்கீலம்மா. ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் ஆடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அப்படிப்பட்ட வீட்டில் இப்போது பேச்சே இல்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி, வெளியூர்க் கிளையை அவள் பொறுப்பில் விடுவதாகப் போன் செய்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்த இந்த மகாராசன், "அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது சார்" என்று தானே பதில் சொல்லிவிட்டான். கேட்டால், நல்லதுக்குத்தான் சொன்னானாம்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டான். கேம் முடிந்திருந்தது. அவன் இல்லாமல் அவளே கடைசிவரை ஆடியிருக்கிறாள். பெட்டி கட்டி வைத்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு பகீரென்று இருந்திருக்காது. திரும்பிப் பார்த்தால், பெட்டியும் கட்டித்தான் இருந்தது.

"அண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றான். அந்தக் கிளையில சேரப்போறேன். முதலாளிகிட்ட நானே பேசிட்டேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கதையை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் அடிக்கப் பாய்கிற ஆள், "முடிவு என்னன்னு சொல்லேன். யாரு திறந்தது?" என்று கேட்டான். பேச்சு எடுத்தால் சண்டை வரும், சண்டை வந்தால் மணிக்கணக்கில் நீளும், மச்சான் காத்திருந்து அலுத்துத் திரும்பிவிடுவான் என்று பாவம், மனக்கோட்டை கட்டினான்.

"நீ சொன்னதுதான் சரி. தளபதிதான்."

"அப்ப அந்த ஈரச் செருப்பு? அதுக்கு என்ன சொல்ற, வக்கீலம்மா?"

"தெரியல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கீழே ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிக் கட்டத்தை அவன் தனியாக ஆடினான். இரண்டு தடவை தோற்றான். பிறகு கதவு திறந்தது. தாழ்ப்பாளில் இருந்தது ராணியின் கை.

சின்னச் சண்டையில் ஜெயித்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள். இந்தத் தடவை ஜெயித்ததையே மறைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன் செய்தான்.

"நீ சொன்னதுதான் சரி. ராணிதான்" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாதாடவில்லை.