சீமைச் சீரகம்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருஷம், முகாம் குசினியில் சமையல்காரராக இருந்த கலீலுர் றஹ்மான் ஒரு தகர டின்னோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே சீமைச் சீரகம். நம்மூர்ச் சீரகத்தைவிடக் கறுத்து, கொஞ்சம் வளைந்திருந்தது. துரைமார் கேக்கிலும் பாண் ரொட்டியிலும் போடுவார்களாம்.

அவர் பெண்சாதி உம்மு குல்சும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். முதலில் காரம், பிறகு நாக்கில் ஒரு குளிர்ச்சி. பிடித்துப்போயிற்று. மாரி மழை தொடங்கியதும் ஒரு பிடியை அள்ளி, குசினிக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி விதைத்தாள்.

“அது குளிர் நாட்டுச் சாமான் குல்சும். இஞ்ச முளைக்காது,” என்று சிரித்தார் அவர்.

முளைத்தது! கரட் இலைபோலச் சன்னமாய், பச்சைப் பசேலென்று. குல்சும் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“விதை வந்தால் எனக்கும் கொஞ்சம் தாங்கோ,” என்றாள் குணேஸ்வரி.

ஆனால் பங்குனி பிறந்தும் ஒரு பூ இல்லை. வெயிலில் இலையோரம் மஞ்சளிக்கத் தொடங்கியது. ஊற்றின தண்ணீரெல்லாம் வீணா? குல்சுமுக்கு ரோசம் வந்துவிட்டது. நல்ல இலையாய்க் கிள்ளி, அன்று வைத்த பாரைமீன் சொதியில் தூவினாள்.

ஒரு வாய் சாப்பிட்ட கலீலுர் றஹ்மான் கண்ணை விரித்தார். வீட்டில் ஒருநாளும் அகப்பை தொடாத மனுஷன், எச்சில் கையோடு எழும்பிப்போய்ச் சட்டியை மோந்து பார்த்தார். பிறகு கையைக் கழுவி, பின்னால் போய் ஒரு செடியைப் பிடுங்கினார். விரல் தடிப்பில் வெள்ளைக் கிழங்கு. கடித்தவருடைய முகம் மலர்ந்தது.

“குல்சும், நீங்க போய்க் கதிரையில இருங்க. இது என்ட வேலை!”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிச்சச் செடிகளையும் பிடுங்கிக் கிழங்கைச் சீவினார், வெங்காயம் அரிந்தார், தேங்காய்ப் பால் பிழிந்தார், தன்பாட்டில் பாடவும் செய்தார். குல்சும் கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாசம் வேலி தாண்டிப் போக, குணேஸ்வரி கோப்பையோடு வந்துவிட்டாள்.

“விதை இல்லாட்டில் என்ன, கறியைத் தாங்கோ!”

முதல் கரண்டியைக் குல்சுமின் கோப்பையில் வைத்துவிட்டு, பரீட்சை எழுதினவர்போல அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார் அவர். அவள் ஆறுதலாக மென்றாள்.

“உப்புக் கொஞ்சம் குறைவு,” என்றாள். சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.