ஐம்பதாயிரத்துத் தொண்ணூறாவது மைல்

புளி மண்டி ஆதிமூலம் ஒரு கத்தரிக்காய் வாங்கவே அரை நாள் எடுத்துக்கொள்வார். காம்பைத் திருகுவார், முகர்ந்து பார்ப்பார், காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். அதற்குள் காய் முற்றி விதைக்கு ஆகிவிடும். அப்படிப்பட்டவர் பழைய ஜீப் வாங்கக் கிளம்பினால் திருவண்ணாமலை என்ன பாடு படும்! எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை தீபத்தன்று, பத்து லட்சம் கண்கள் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் இரண்டு கண்ணும் செங்கம் ரோட்டு ஜானி பாஷா ஷெட்டில் ஒரு ஜீப்பின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவசரம் அவருக்கு இருந்தது. மகள் கஸ்தூரி ஜவ்வாது மலைமேல் இருந்தாள். மருமகன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில், முறைப்படி நடந்தது. அடுத்தது புருஷன் வீட்டில்தான் என்று சம்பந்தி வீட்டார் ஒரே பிடி. அவளுக்கு மார்கழியில் நாள். மார்கழியில் அந்த மலைக்கு பஸ் ஏறாது. பாதை கூழாகி, லாரிகள் எருமை மாதிரி படுத்துக் கிடக்கும். போன வருஷம் இதே மாசம், அங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைப் பிரசவ வலியில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் கட்டிலின் கனம் குறைந்துபோனதாகத் தூக்கியவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஆதிமூலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"மார்கழிக் குளுருல கைப்பிடி மொத சுத்துலயே கிளம்பணும். சேத்துல ஏறணும். கோடையில புளி ஏத்தக் காட்டு வழியா போவேன், பாறையில ஏறினா ரேடியேட்டர் கொதிக்கக் கூடாது. இதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல பாய்."

"இதுக்கு மேல கேக்க இன்னா இருக்குது மொதலாளி? வானத்துல பறக்கணும்னு மட்டுந்தான் சொல்லல," என்றார் ஜானி பாஷா. மூன்று மாவட்டத்து ஜீப்புகளின் வியாதிகளும் அவர் விரல் நுனியில்.

ஷெட்டில் இரண்டு ஜீப் நின்றன. ஒன்று சிவப்பு, புதுப் பெயிண்டில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொள்ளலாம். மற்றது மிலிட்டரி ஏலத்தில் வந்த கிழட்டுப் பச்சை. ஆதிமூலம் சுத்தியலால் சேஸைத் தட்டினார். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற குட்டி கியரைப் போட்டு, ஷெட்டு வாசல் மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பார்த்தார். சிவப்பு பின்னால் நழுவியது. பச்சை நின்ற இடத்தில் நின்றது. சொல்லப்போனால் அரை அடி முன்னால் வந்தது.

"இஞ்சின் ஓடவே இல்லியே பாய், எப்படி முன்னால வந்துச்சு?"

"ஆசையா இருக்கும், மொதலாளி."

பச்சையின் மைல் மீட்டர் 49,991 காட்டியது. "அம்பதாயிரத்துக்குக் கம்மி!" என்று அதைப் பாஷா தன் பேரனுக்கு முதல் பல் முளைத்ததுபோலக் காட்டினார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஆதிமூலம் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வந்து பானெட்டில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். இட்லிப் பானை மாதிரிச் சுட்டது. மீட்டரில் ஒரு ஐந்தும் நாலு முட்டையும். டயரில் ஈரச் செம்மண்.

"ராத்திரி யாரு ஓட்டினது?"

"யாரும் இல்லியே. பூட்டுச் சாவி என் தலையணைக்கு அடியில."

அதற்கடுத்த காலை 50,009. அதற்கடுத்து 50,018. ஒவ்வொரு நாளும் ஒன்பது மைல், ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் ஒன்பது மைல் எது என்று குழந்தைகூடச் சொல்லும். மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தால் ஒன்பது மைல். பாஷா ஷெட்டுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்திப் பார்த்தார். காலையில் சக்கரங்கள் மாட்டப்பட்டிருந்தன. நட்டுகள் அவர் முறுக்குவதைவிட இறுக்கமாக.

ஐந்தாம் நாள் ஆதிமூலம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து ஒயர்களைப் பார்த்தார். அங்கே தகரத்தில் ஆணியால் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டுக்கட்டாய். கடைசியில் எழுதியிருந்தது: "108 முடிந்தது. 50,090. ராஜமாணிக்கம்."

தலையை வெளியே எடுத்தபோது ஆதிமூலம் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "பாய், ஐம்பதாயிரத்துத் தொண்ணூறு ஓடின வண்டி எப்படி என்கிட்ட ஐம்பதாயிரத்துக்குக் கம்மியா வந்துச்சு?"

பாஷா தாடியைத் தடவினார், துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தார். பிறகுதான் வாய் திறந்தது. "நீங்க வர்றீங்கன்னு அன்னிக்குக் காலையிலதான் மொதலாளி... மீட்டர் ஒயரைக் கழட்டி டிரில் மிஷின்ல மாட்டி, பின்பக்கமா ஓட்டினேன். வியாபாரத்துல எல்லாரும் செய்யறதுதான்."

"ராஜமாணிக்கம் யாரு?"

ராஜமாணிக்கம் ஜவ்வாது மலை டிரைவர். மேலே யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த அந்தப் பச்சையில்தான் இறக்குவார். அவர் பெண்டாட்டி பிரசவத்தில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் அண்ணாமலையை நூற்றியெட்டுச் சுற்று வருவதாக வேண்டிக்கொண்டார். ஒரு கால் குட்டை, நடக்க முடியாது, ஜீப்பிலேயே சுற்றினார். நூற்றியெட்டாவது சுற்றை முடித்து, ஆணியால் அந்தக் கோட்டைக் கிழித்து, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர்தான்.

ஆதிமூலம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். கழித்தது தொண்ணூற்றொன்பது மைல். ஒன்பதால் வகுத்தால் பதினொன்று. "அடப்பாவி பாய்! செத்துப்போன மனுஷன் சுத்தின பதினோரு சுத்தை நீ டிரில் மிஷின்ல கழிச்சுட்டே! அவரு இப்ப வந்து மறுபடியும் சுத்திக்கினு இருக்காரு!"

அன்றே சிவப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் வந்து பச்சையின் மீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பத்தாம் நாள் 50,081.

பதினொன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாக மண்டி போன் அடித்தது. செங்கத்திலிருந்து. கஸ்தூரிக்கு நேற்றுச் சாயங்காலமே வலி கண்டுவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அதைப் போனில் சொல்ல ஓர் ஆள் இராத்திரி முழுக்க மலையிறங்கிச் செங்கத்துக்கு வந்திருந்தான்.

ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். பனி அப்படி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் விரல்கள் அடுத்த தெருவில் இருப்பதுபோல் தெரிந்தது. பனியைத் துளைத்துக்கொண்டு உச்சிக் கொப்பரையில் கடைசி நாள் தீபம் மட்டும் சிவப்புப் புள்ளியாகச் சுருங்கித் தெரிந்தது. பாஷா சிவப்பு ஜீப்புக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றினார். நூறு சுற்று. ஆயிரம் சுற்று. இஞ்சின் ஒரு தும்மல் போட்டு அடங்கியது.

பக்கத்தில் பச்சை நின்றது. பானெட்டில் கை வைத்தார் ஆதிமூலம். ஜில்லென்றிருந்தது. பத்து நாளும் விடியுமுன் போய்வந்த வண்டி இன்றைக்கு மட்டும் கிளம்பவில்லை. யாரோ வரட்டும் என்று நின்றதுபோல இருந்தது.

"வேணாம் மொதலாளி..." என்று பாஷா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆதிமூலம் ஏறிவிட்டார். சாவி போடுமுன்பே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

செங்கம் ரோட்டில் நேரே போக வேண்டும். கிரிவலப் பாதை வலதுபுறம் பிரிகிற இடத்தில் ஸ்டியரிங் தானே வலப்பக்கம் திரும்பியது. ஆதிமூலம் இடப்பக்கம் இழுத்தார். இரும்புத் தூணை இழுத்த மாதிரி இருந்தது. பிரேக்கை மிதித்தார், அது அடியில் யாரோ ஒருவர் பாதத்தின்மேல் மிதித்ததுபோல் மெத்தென்றிருந்தது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். இஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஐயா! ராஜமாணிக்கண்ணே! என் பொண்ணு சாகக் கிடக்கிறா! அப்புறம் சுத்திக்கலாம்யா!"

வண்டி பதினைந்து மைல் வேகத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு லிங்கத்தின் கோயிலுக்கு எதிரிலும் கிளட்ச் தானே அமுங்கி, வண்டி தயங்கி நின்றது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். மடியிலும் மார்பிலும் ஈரத் துணி போர்த்தினாற்போல ஒரு குளிர் ஆதிமூலத்தை அழுத்திக்கொண்டே வந்தது. அவர் மூச்சு ஒரு பக்கம் ஆவியாகப் போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆவியும் போனது.

அடி அண்ணாமலையில் வண்டி டீக்கடை முன் நின்றது. கடைக்கார வெள்ளையம்மாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே பனிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டிரைவரண்ணே, பத்து நாளா தனியாத்தான் வந்தீங்க. இன்னிக்கு உங்க மடியில யாரு குந்திகினு இருக்காரு?"

ஆதிமூலத்தின் மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. அடுத்து வாயில் வந்தது அவர் யோசித்து வந்ததல்ல.

"அருணாசலா! என் பொண்ணு பொழைச்சா நானும் நூத்தியெட்டு சுத்து சுத்தறேன்! இதே வண்டியில! ஆளை விடுய்யா!"

வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பறந்தது. அடுத்த மூன்று லிங்கங்களுக்கு எதிரில் நின்றதா இல்லையா என்றே தெரியவில்லை. ஊருக்குள் புகுந்து, பெரிய கோபுரத்தைத் தாண்டி, பாஷா ஷெட்டு வாசலுக்கு வந்தபோது மீட்டரின் கடைசி எண் உருண்டு நின்றது. 50,090. மடியிலிருந்து கனம் இறங்கியது. ஸ்டியரிங் வெண்ணெயாக இளகியது. வாசலில் நின்ற பாஷா, வண்டியிலிருந்து யாரோ இறங்கிப் போகிறவருக்கு வழி விடுவதுபோலத் தன்னை அறியாமல் ஒதுங்கி நின்றார்.

ஆதிமூலம் நிற்கவில்லை. செங்கம் தாண்டி மலையடிவாரக் காட்டாற்றுக்கு வந்தபோது வெள்ளம் அப்போதுதான் வடிந்திருந்தது. அரை மணிக்கு முன்னால் இறங்கிய லாரி ஒன்று சக்கரங்களை வானத்துக்குக் காட்டிக் கிடந்தது. டிரைவர் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். குட்டி கியரைப் போட்டார். அந்தக் கிழட்டுப் பச்சை சேற்றில் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, உடும்புகள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கும். கஸ்தூரியைப் பின்னால் படுக்க வைத்து இறக்கினார். பகல் இரண்டு மணிக்குச் செங்கம் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கஸ்தூரி பிழைத்தாள், பெண் குழந்தை. அழுத அழுகையில் மலைமேல் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஜீப் ஆதிமூலத்துக்கே ஆனது. சிவப்பைப் பாஷா ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தள்ளிவிட்டார். பச்சையின் மீட்டரை இனித் தொடுவதில்லை என்று மசூதிப் பக்கம் திரும்பிச் சத்தியம் செய்தார்.

வேண்டுதல்? அதை ஆதிமூலம் கத்தரிக்காய் போலவே கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். தை போகட்டும், புளி வரத்து. மாசி போகட்டும், ரோடு காயட்டும். பங்குனியில் காட்டு வழியெல்லாம் ஜீப் ஆடு மாதிரி தாவியது, ஒரு நாளும் கொதிக்கவில்லை. "நூத்தியெட்டு ஒண்ணும் ஓடிப்போவாதுங்க" என்று மனைவி ஜோதியம்மாளிடம் சொல்லிக்கொண்டார். அவள்தான் அவருக்கு 'ங்க' போட வேண்டும். பயத்தில் அவர் அவளுக்குப் போட்டுவிட்டார்.

சித்திரையில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து போய்ப் பானெட்டில் கை வைத்தார். சுட்டது. மீட்டரில் ஒன்பது மைல் கூடுதல்.

"அவருதான் முடிச்சுட்டுப் போயிட்டாரே," என்று முனகிக்கொண்டே அடி அண்ணாமலைக்கு ஓட்டினார். வெள்ளையம்மாள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மறுபடியுமா? விடியக்காலையிலதான போனீங்க? கூப்பிடக் கூப்பிட திரும்பியே பாக்கல."

"நானா? நான் மூணு கம்பளிக்கு அடியில கெடந்தேன்மா. ஜோதியம்மா பக்கத்துலயே குந்திகினு இருந்தா."

"நீங்கதாண்ணே. இந்த மீசை ஊருல வேற யாருக்கு கீது?"

ஆதிமூலம் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மடியில... மடியில யாராச்சும்?"

"யாரும் இல்ல. தனியாத்தான் போனீங்க." அவள் கிளாஸைத் துடைத்தபடி யோசித்தாள். "கண்ணை மட்டும் மூடிக்கினு இருந்தீங்க."

அவர் மெதுவாகக் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தார். ராஜமாணிக்கத்தின் கோடுகளுக்குக் கீழே, வெயில் படாத தகரத்தில், புதிதாக ஒரே ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் "ஆதிமூலம்" என்று எழுதியிருந்தது. மண்டி ரசீதில் போடுகிற அதே கையெழுத்து. கடைசி எழுத்தில் அவர் போடுகிற சின்ன வால்கூட இருந்தது.

மறுநாள் நாலரை மணிக்கே ஆதிமூலம் எழுந்துவிட்டார். தனக்கு முன்னால் தான் கிளம்பிவிடக் கூடாதே என்ற பயம். முகம்கூடக் கழுவாமல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

சாவி வெதுவெதுப்பாக இருந்தது.