ஏழாம் நம்பர் மலையில் புழு இல்லை

கலாநிதி இரகுநாதன் பென்ஷனில் போக இன்னும் எண்பத்தொரு நாள்தான் இருந்தது. தேயிலைப் பூச்சி ஆராய்ச்சியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய மனிதர், ஒரு பூச்சிக்காவது பெயர் வைக்காமல் வீட்டுக்குப் போவதா என்று அவருக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருவன் ஒரு தவளைக்குப் பெயர் வைத்துவிட்டான். இன்னொருவன், பரீட்சை மண்டபத்தில் இவருடைய தாளைப் பார்த்தே எழுதியவன், இரண்டு நத்தைக்கு வைத்துவிட்டான். இதையெல்லாம் நினைத்தால் எந்த மனிதனுக்குத்தான் வயிறு எரியாது?

பூச்சி கிடைக்காமல் இல்லை. போன வருடம் ஹல்துமுல்லைக்கு மேலே மூடுபாறைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலையின் உச்சியில், வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கு ஏற்றிவைத்ததில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கோவில் மணியைத் தட்டையாக்கியது போன்ற உருவம். பழுப்பு நிறம். பார்த்தவுடன் ஹோமோனா என்ற பேரினம் என்று தெரிந்துகொண்டார். தேயிலை இலையைச் சுருட்டி உள்ளே குடியிருக்கும் புழுவெல்லாம் வளர்ந்து அந்தக் குடும்பத்து அந்துப்பூச்சியாகத்தான் பறக்கும். அதில் எல்லோருக்கும் தெரிந்தது ஹோமோனா கொஃபியாரியா. கோப்பிக் காலத்தில் யாரோ வெள்ளைக்காரன் வைத்த பெயர். கோப்பி செத்துப்போய் மலையெல்லாம் தேயிலையாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகியும், பூச்சி மட்டும் கோப்பிப் பெயரோடு தேயிலையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒருமுறை வைத்த பெயரை யாராலும் மாற்ற முடியாது. இரகுநாதனுக்கு அந்தச் சட்டத்தில்தான் ஆசை.

அவர் பிடித்தது கொஃபியாரியா இல்லை. ஏழு மாதம் அதன் பின்புறத்தை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு அடையாளமெல்லாம் அங்கேதான் இருக்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? மனைவி சரோஜினி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உலகத்தில ஆராய்ச்சி செய்ய வேற இடமே கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெயர்கூட முடிவாகியிருந்தது. தன் பெயரைத் தானே வைப்பது அந்தத் துறையில் வெட்கங்கெட்ட வேலை. ஆனால் தாத்தாவின் பெயரை வைக்கலாம். இரகுநாதனுடைய தாத்தாவின் பெயரும் இரகுநாதர்தான். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் யாழ்ப்பாணத்து வழக்கம் இப்படி ஒரு சமயத்தில் கைகொடுக்கும் என்று யார் கண்டது? ஹோமோனா இரகுநாதி. அந்தத் தாத்தா சாவகச்சேரியில் புகையிலை வியாபாரம் செய்தவர். அந்துப்பூச்சியோடு அவருக்கு இருந்த ஒரே உறவு, விளக்கடியில் செத்துக் கிடப்பதைக் கூட்டித் தள்ளியதுதான்.

கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினார். ஒரேயொரு ஆண் பூச்சியை வைத்துப் புதிய இனம் என்று சொல்ல முடியாது, பெண் பூச்சியும் வேண்டும் என்று பதில் வந்தது. விளக்குக்குப் பெண் பூச்சி வருகிற பாடாக இல்லை. புழுவை உயிரோடு பிடித்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து, பூச்சியாக்க வேண்டும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், போதும். பென்ஷனில் போனபிறகு ஆய்வுகூடத்துச் சாவி கையில் இராது. ஆகவே இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். சும்மா கிளம்பிப் போயிருக்கலாம். முப்பத்திரண்டு வருட உத்தியோகம் விடுமா? தோட்டத்துக்கு முறைப்படி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார், தலைப்பு அச்சிட்ட கடதாசியில், முத்திரை குத்தி. ஏழாம் நம்பர் மலையில் இலைச்சுருட்டிப் புழு இருப்பது தெரியவந்துள்ளது; பதினாலாம் திகதி நேரில் வந்து பார்வையிடுவேன்; அதுவரை மருந்து அடிக்கக் கூடாது; மலையைத் தயாராக வைத்திருக்கவும்.

பதினாலாம் திகதி காலை, பதுளையிலிருந்து ஸரூக்கின் வாடகை வேனில் புறப்பட்டார். மடியில் காற்றுத்துளை போட்ட பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பா. ஹாலிஎல தாண்டியதும் ஸரூக், "என்ன சேர், சாப்பாடு கட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். விஞ்ஞானத்தைப் பற்றி வேன்காரனுக்கு என்ன விளக்குவது என்று இரகுநாதன் டப்பாக்களை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

தோட்டத்து வாசலுக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் திக்கென்றது. வழிநெடுகக் கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தது. மரங்களுக்கு இடுப்புவரை வெள்ளை. தண்ணீர் போகும் கான் எல்லாம் வெட்டித் துப்புரவாக்கியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்களைக்கூடக் கண்ணில் காணோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எண்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் களத்து உத்தியோகத்தர் தனேஸ்வரன், வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி, வாயெல்லாம் பல்லாக நின்றான். தோட்டத்தை நடத்தும் துரை கொழும்புக்குப் போயிருந்ததால் அன்றைக்கு அவன்தான் பொறுப்பு. நம் யாழ்ப்பாணத்துக்காரன்தான், விஷயம் விளங்கியவனாக இருப்பான் என்று இரகுநாதன் தைரியப்பட்டுக்கொண்டார்.

"வாங்கோ சேர், வாங்கோ. நீங்கள் வாறது எங்களுக்குப் பெருமை," என்றான் தனேஸ்வரன்.

வரிசையிலிருந்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி மாலையோடு வந்தாள். தவமணி என்று பெயர், கொழுந்து பறிப்பதில் முதல் ஆள். மாலை பூமாலை இல்லை. முற்றின தேயிலை இலைகளை நூலில் கோத்த மாலை. இரகுநாதனுக்கு முகம் சுருங்கிப்போனது. போன மாதம் வேறொரு தோட்டத்தில் யாரோ அரசியல்வாதிக்கு ஓர்க்கிட் மாலை போட்டதைப் பேப்பரில் படத்தோடு பார்த்திருந்தார். அரசியல்வாதிக்கு ஓர்க்கிட், விஞ்ஞானிக்கு இலையும் தழையுமா?

"மாலைய நல்லா பாத்துக்கங்க சேர்," என்றாள் தவமணி மெதுவாக.

"சரி சரி, மெத்த நன்றி பிள்ளை," என்று அவர் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தனேஸ்வரன் வரவேற்புரையை ஆரம்பித்துவிட்டான்.

அது முடிந்து மலைக்கு ஏறினார்கள். இரகுநாதன் டப்பாக்களோடு முதல் வரிசைச் செடிக்குள் குனிந்தார். ஒன்றும் இல்லை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசை. சுருண்ட இலை என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. தலைவாரிப் பொட்டு வைத்துவிட்ட பிள்ளைகள் போல் செடிகள் பளிச்சென்று நின்றன. உச்சியில் ஓடைக்கரையோரம், போன வருடம் துணி கட்டிய இடத்துக்கு மூச்சு வாங்க ஓடினார். அங்கே பாதிச் செடி மொட்டை.

"புழு எங்கை?" என்றார்.

"ஒண்டும் இல்லை சேர்," என்றான் தனேஸ்வரன், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல. "உங்கட கடிதம் வந்த உடனை வேலையைத் துவங்கிட்டம். மருந்து அடிக்கக்கூடாது எண்டு எழுதியிருந்தனீங்கள், ஒரு சொட்டும் அடிக்கேல்லை. எண்பது ஆள், நாலு நாள். சுருண்ட இலை முழுக்கக் கையாலேயே பிடுங்கி எடுத்தாச்சு. இண்டைக்குக் காலமைதான் கடைசிக் கூடையும் போட்டம். அங்கை பாருங்கோ, இன்னும் எரியுது."

பத்தடி தள்ளி, மலைப் பாதையின் திருப்பத்தில், வெள்ளையடித்த கற்களுக்கு நடுவே, மண்ணெண்ணெய் ஊற்றிய நெருப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

தனேஸ்வரனைச் சொல்லியும் குற்றமில்லை. வெளியிலிருந்து பெரிய ஆள் வந்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒழுகுகிற கூரையைப் பார்க்க வருகிறேன் என்று எழுதினால், அதற்கு முதல்நாள் அந்த லயத்துக்கு முன்னால் பந்தல் போட்டு மறைப்பார்கள். உள்ளதை உள்ளபடி பார்க்க ஒருவர் வருவார் என்று நினைக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் உத்தியோகத்துக்கு வந்ததிலிருந்து அப்படி ஒருவரும் வந்ததும் இல்லை.

இரகுநாதனுக்கு இந்த நியாயமெல்லாம் ஏறுகிற நிலையா அது?

"என்ன காணும் செய்து வைச்சிருக்கிறீர்? நான் அந்தப் புழுவைத் தேடித்தானே வந்தனான். உயிரோட ஒண்டே ஒண்டு வேணும் எனக்கு. என்ர முப்பத்திரண்டு வருசத்தையும் நெருப்பிலை போட்டிட்டீரே."

தனேஸ்வரனின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. பின்னால் நின்ற தவமணி இரண்டடி முன்னால் வந்தாள்.

"சேர், அந்த மால—"

"பேசாமல் நில்லும் பிள்ளை," என்று அவர் சீறினார். "மாலையாம் மாலை. இந்தக் குப்பையைக் கழுத்திலை போட்டால் சரியா?" கழுத்திலிருந்ததை ஒரே இழுப்பில் கழற்றி நெருப்புக்குள் வீசினார்.

"ஐயோ சேர்," என்றாள் தவமணி. "அதுக்குள்ளதாங்க வச்சிருந்தோம்."

"எதை?"

"புழுவத்தாங்க. முப்பத்தஞ்சு புழு. மத்ததெல்லாம் ரெண்டு மூணு எலைய சேத்து ஒட்டிக்கிட்டு இருக்கும். இது தனிங்க, ஒரே எலைய நீளவாக்குல மடிச்சிக்கிட்டு உள்ளுக்க கெடக்கும். தலையில கறுப்பா தொப்பி. இந்த ஓடக்கர மூலையில மட்டுந்தான் இருக்கும்."

அவள் சொன்னது இரகுநாதனுடைய கட்டுரையில் இல்லாத பக்கம். பெண் பூச்சி, புழு, வீடு, வாழும் இடம் எல்லாம் ஒரு மணித்தியாலமாக அவர் கழுத்தில் தொங்கியிருக்கின்றன. இலைச்சுருட்டிப் புழுவில் இந்த நாட்டிலேயே பெரிய நிபுணர் அவர். தன் நெஞ்சில் கிடந்த முப்பத்தைந்து மடித்த இலையை ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்காமல் விட்டது உறைத்ததும் நெருப்பில் பாய்ந்தார். குச்சியால் கிளறினார், பிறகு கையாலேயே இழுத்தார். நூல் எரிந்து இலைகள் சிதறிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிய நெருப்பு பச்சையிலைக்குக் காத்திருக்குமா? விரல் சுட்டுக் கொப்பளித்ததுதான் மிச்சம். கையில் வந்த மூன்று இலையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மூன்று புழு, கறுப்புத் தொப்பியோடு, வெந்து கிடந்தன. அவை இனிமேல் எந்தக் காலத்தில் பெண் பூச்சியாவது? முழங்காலில் இருந்தபடியே அவர் அழுதார். மறைக்கவும் இல்லை.

தவமணி தன் தலைத்துண்டை ஓடையில் நனைத்துக்கொண்டு வந்து அவர் கையில் சுற்றினாள்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நம்ம களத்து ஐயாகிட்ட சொன்னேங்க. பூச்சிக்கார சேரு புழு பாக்கத்தான் வாராரு, போன வருசம் அவரு துணி கட்டுனப்போ நாந்தானே ஒரு முனைய பிடிச்சிக்கிட்டு நின்னேன், பூச்சிய பிள்ளைய தூக்குற மாதிரி டப்பாவுல எடுத்துட்டுப் போனாருன்னு சொன்னேன். அதுக்கு ஐயா, ஒனக்கு இங்கிலீசு தெரியுமான்னு கேட்டாரு." அவள் தனேஸ்வரன் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "ஒண்ணுகூட வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதான் மாலையில கோத்தோம். பூச்சிக்கார சேரு எலைய பாக்காம இருப்பாரான்னு நெனச்சோம்."

துணியின் மறுமுனையைப் பிடித்தவளின் முகத்தை இரகுநாதன் நினைத்துப் பார்த்தார். வரவில்லை. பூச்சியின் பின்புறம் மட்டும் மயிர் மயிராக ஞாபகம் இருந்தது.

"அதுக்கு நீங்கள் ஏதும் பேர் சொல்லுறனீங்களோ?" என்று கேட்டார்.

தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "தொப்பித் தொரைன்னு சொல்லுவோங்க. தொப்பிய போட்டுக்கிட்டு பங்களாவுக்குள்ள கெடந்து தின்னுக்கிட்டே இருக்குமுங்க. வெளிய எறங்கவே எறங்காது."

கீழே பங்களா விறாந்தையில் கட்லெட்டும் கேக்கும் வைத்திருந்தார்கள். இரகுநாதன் எதையும் தொடவில்லை. தனேஸ்வரன் பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் நடந்ததை எல்லாம் அரை மணித்தியாலத்தில் விழுங்கி ஏப்பமும் விட்டிருந்தான்.

"சேர், குறை நினைக்காதையுங்கோ. ஒரு வசனம் எழுதிப்போட்டுப் போங்கோ. துரை வந்தாக் கேப்பார்."

என்ன எழுதுவது? பொய் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. கொப்பளித்த விரல்களுக்கு நடுவில் பேனையைப் பிடித்து, பார்த்ததை எழுதினார்: ஏழாம் நம்பர் மலையை நேரில் பரிசோதித்தேன், இலைச்சுருட்டிப் புழு இல்லை. கீழே கையொப்பம், பட்டம், திகதி, எல்லாம் முறைப்படி. அந்தப் பூச்சியைப் பற்றி அவர் உத்தியோகபூர்வமாக எழுதிய கடைசி வாக்கியம் அதுதான். தனேஸ்வரன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, படம்பிடித்து உடனேயே துரைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான்.

வேனில் ஏறப்போகும்போது தவமணி துண்டை வாங்கிக்கொள்ள வந்தாள்.

"அந்தப் புழுவுக்கு நாங்க சொல்ற பேர கேட்டீங்களே சேர், நீங்களும் ஒண்ணு வச்சிருப்பீங்கல்ல. என்ன பேருங்க?"

சாவகச்சேரிப் புகையிலைக்காரரின் பெயர் இரகுநாதனின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நீங்கள் வைச்ச பேரே நல்லாயிருக்கு பிள்ளை. எங்கையாவது அதை எழுதிவைக்கிறன்."

தவமணியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஈரத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேணாங்க சேர், எதையும் எழுதிப்புடாதீங்க. நீங்க எழுதாம இருந்திருந்தா, அது இன்னிக்கும் அந்த மூலையில இருந்திருக்கும்."