ஒரு வாய் வால்கொழுப்பு

ஓரின்பசாரின் நெஞ்சு முதல் தடவை மக்கர் பண்ணிய நாளோடு அவன் வீட்டில் ஆட்டின் வாலடியில் திரளும் வால்கொழுப்பு தின்பது நின்றுபோனது. பல்காஷ் ஏரிக்கரையில், அதுவும் ஆயுசு முழுக்க ஆடு வளர்த்தவன் வீட்டில், இது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது ஒரே வரிதான்: "கெட்ட கொழுப்பக் குறைங்க, நல்ல கொழுப்பக் குடுங்க." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி குல்பாஷ் சமையலறையையே புரட்டிப் போட்டுவிட்டாள்.

ஆளிவிதை எண்ணெய் வாங்கப் போனால் கடைக்காரன் பாடு திண்டாட்டம். வெயிலில் நின்ற புட்டி வேண்டாம், வெள்ளைப் புட்டி வேண்டாம், மோந்து பார்க்காமல் வேண்டவே வேண்டாம். வாங்கி வந்ததை அடுப்பில் ஏற்றாமல், வெந்து ஆறிய கஞ்சியின் மேல் பச்சையாக ஊற்றுவாள். வால்நட்டை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து, காறலாக இருந்தால் கடைக்காரன் முன்னாலேயே துப்புவாள். ஏரி மீனில் கொழுத்த கெண்டையாகப் பார்த்து எடுப்பாள். மருந்துக்கடைப் பெண்ணோ, இவள் தலை தெரிந்ததுமே மீனெண்ணெய் மாத்திரை டப்பாவின் தேதியைத் தானாகவே படிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"மீனு, ஆடு இல்லாத பய தின்றது," என்பான் ஓரின்பசார். மஞ்சளாக மினுங்கும் மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தா பாரு, கண்ணாடியில செஞ்ச ஆட்டுப் புழுக்கை," என்பான். ஆனாலும் தேநீரோடு விழுங்கிவிடுவான்.

மத்தியானம் அவன் கண்ணயர்ந்தால் குல்பாஷ் கதவோரம் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். மகள் ஜாதிராவின் கல்யாணத்துக்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கப்புறமும் இருக்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

இலையுதிர் காலத்தில் மகளுக்குக் கரகண்டா பக்கம் சம்பந்தம் கூடி வந்தது. அந்தப் பக்கத்தில் நிச்சயம் என்றால் வேகவைத்த வால்கொழுப்பும் ஈரலும் சம்பந்திகள் கையால் சம்பந்திகள் வாய்க்குப் போக வேண்டும். அதைத் தின்றால்தான் பேச்சு உறுதி. மற்றபடி எத்தனை பேர் சாட்சிக்கு உட்கார்ந்தாலும் அது வெறும் பேச்சுதான்.

"அப்பா ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆயிடாதும்மா," என்றாள் ஜாதிரா.

"உங்கப்பனாவது ஒரு வாயோட நிறுத்துறதாவது. நாக்கு ருசி கண்டா அப்புறம் யாரு கட்டி மேய்க்கிறது?"

நிச்சயத்தன்று காலை குல்பாஷ் ஒரு காரியம் செய்தாள். முள்ளில்லாத வெள்ளை மீனை ஈரலோடு வேகவைத்து, கொழுப்புத் துண்டு மாதிரியே நறுக்கி, மேலே தயிரைத் தாராளமாக ஊற்றினாள். அந்தக் கிண்ணத்தைப் புருஷனுக்கென்று தனியாக வைத்தாள். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் பாகிலா ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. "வாயத் திறங்க சம்பந்தி, பொண்ணக் குடுக்கிற வாய் இவ்வளவு சின்னதாவா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே, குல்பாஷ் நீட்டிய அந்தக் கிண்ணத்திலிருந்து கை நிறைய அள்ளி ஓரின்பசாரின் வாயில் திணித்தாள். மிச்சத்தை வழக்கப்படி அவன் கன்னத்தில் பூசினாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஓரின்பசார் மெதுவாக மென்றான். ஒரே ஒரு தடவை மனைவி பக்கம் பார்த்தான்.

"வெண்ணெயாட்டம் கரையுது," என்றான்.

குல்பாஷுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் குளிர்காலத்திலேயே அவன் போய்விட்டான். பட்டிக்கு முன்னால் பனியை வாரிக்கொண்டிருந்தவன் தேநீருக்குக் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தபோது வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மீசையில் பனி கரையாமல் இருந்தது. "நீங்க குடுத்த சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லம்மா. சில நெஞ்சு அப்படித்தான்," என்றாள் டாக்டரம்மா. குல்பாஷ் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. ஆளிவிதை எண்ணெய் முக்கால் புட்டி மிச்சம் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

நாற்பதாம் நாள் காரியத்துக்குப் பாகிலா வந்து, சொல்லாமலே அடுப்படியில் நுழைந்து ரொட்டி சுட உட்கார்ந்தாள். குல்பாஷ் கதவைச் சாத்தினாள். இவ்வளவு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்: பொய்யாகத் தின்ற சத்தியம் மகள் தலையில் விடிந்துவிடக் கூடாது.

"சம்பந்தி, அன்னைக்கு நீங்க அவருக்கு ஊட்டினது கொழுப்பு இல்ல. மீனு."

பாகிலா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும். விரல்ல உதிர்ந்துச்சு. கொழுப்பு உதிருமா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அவரு சும்மா இருக்காரே, நான் என்னத்தச் சொல்ல." கொஞ்ச நேரம் மாவையே பிசைந்தாள். பிறகு குரல் இறங்கியது. "எங்கள வண்டி ஏத்திவிட வந்தாருல்ல, அப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. 'எம் பொண்ணு காரியத்துல பொய் இருக்கக் கூடாது சம்பந்தி, நிஜக் கொழுப்புல ஒரு துண்டு குடுங்க'ன்னாரு. நீங்க எங்களுக்குக் கட்டிக் குடுத்த விருந்துப் பொட்டலத்தைப் பிரிச்சு நான்தான் ஊட்டினேன்."

குல்பாஷுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பாள், எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பாள். எல்லாவற்றையும் இந்தப் பெண்பிள்ளை தெருவில் வைத்து ஒரே கையில் கவிழ்த்துவிட்டாளே என்றிருந்தது. ஆனால் பாகிலாவின் பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் கொன்னுட்டேனோன்னு ராத்தூக்கம் இல்ல சம்பந்தி."

"நீங்க கொல்லல," என்றாள் குல்பாஷ். அப்படிச் சொன்னபோது அது உண்மை என்றே அவளுக்குப் பட்டது. கோபம் வந்த வழியே போய்விட்டது. "எப்படித் தின்னாரு?"

"கண்ண மூடிக்கிட்டு. என் விரலைக்கூட விடல. ரொம்ப நேரம் மென்னாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"'அவகிட்டச் சொல்லிடாதீங்க. எனக்காக ராப்பகலா பாடுபடுறா, கேட்டா நொறுங்கிப் போயிடுவா'ன்னாரு."

குல்பாஷ் தரையில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் அவள் கையால் தின்றவன், ஆசைப்பட்ட ஒரு வாய்க்காக நடுத்தெருவில் இன்னொருத்தியிடம் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறான். பிணத்தை எடுத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது. தலைத்துணியின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பாகிலா மாவுக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளைச் சேர்த்து அணைத்தாள். "பாவி மனுஷன், உங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன் சம்பந்தி," என்றாள் குல்பாஷ். "அது அவருக்குத் தெரியும்."