குடிக்காத இங்வால்ட்

ஸ்கார்வேய் தீவில் கோடைக்குக் கோடை ஒரே நாடகம்தான். தபால் கப்பல் மூழ்கிய கதையைத் துறைமுகத்திலேயே போடுவார்கள். புயல், இடி, கதறல். நடுவில் ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாட்டிலுடன் துணைக் கேப்டன் இங்வால்ட். கூட்டம் அவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். அவனுடைய பேரன் ஊட்லைவும் டிக்கெட் வாங்கி அங்கேதான் உட்கார்ந்திருப்பான். போகாவிட்டால் ரோஷக்காரன் என்பார்கள், போனால் ரோஷம் கெட்டவன் என்பார்கள்.

அறுபது வயதிலும் கடையில் அவன் ஒரு பியரைத் தொட்டால் போதும், "இன்னிக்குப் படகு எடுக்கலையே?" என்று யாராவது கேட்பார்கள். சாவதற்குள் தாத்தா பேரைக் கழுவிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

இந்த வசந்தத்தில், அந்தக் காலத்து அரசாங்க விசாரணை அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது: துணைக் கேப்டன் மது அருந்தியிருக்கவில்லை. ஊட்லைவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீதியைப் படிக்க யாருக்குப் பொறுமை? நேரே ஒத்திகைக்குப் போய், நாடகம் நடத்தும் போர்கில்ட் முன்னால் அதைப் போட்டான். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச்.

"படி. தாத்தா ஒரு சொட்டுகூட குடிக்கல. நாடகத்த மாத்து."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"புயலே இல்லையாமே. கடல் குளம் மாதிரி கிடந்திருக்கு. ஒருத்தரும் சாகல. முழங்கால் தண்ணியில நடந்தே கரையேறியிருக்காங்க."

"அப்புறம் எப்படிப் பாறையில மோதுச்சு?"

"உன் தாத்தா வீட்டுப் பக்கமா சுக்கான ஒடிச்சிருக்காரு. ஹாரன் அடிக்க."

ஊட்லைவுக்கு விளங்கிவிட்டது. தீவில் இன்றும் அதுதான் வழக்கம். படகில் வீட்டருகே வந்து ஹாரன் அடித்தால், வீட்டில் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவார்கள். நேற்றுகூட அவனே அடித்தான்.

"போர்கில்ட், அவர் குடிச்சதாவே இருக்கட்டும்."

"அதெப்படி? அரசாங்க அறிக்கை, நீதான கொண்டுவந்த. புயல் மெஷின் வேற ரிப்பேர்."

நாடகத்தன்று ஹாரன் அடித்ததும் ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. கடைசி வரிசையில் ஊட்லைவுக்கு அவமானத்தில் காது எரிந்தது. பிறகு இங்வால்டின் மனைவியாக நடித்தவள் சாட்சி சொல்ல மேடைக்கு வந்தாள். இதற்குள் அவனும் கடைசிவரை படித்திருந்த அறிக்கையில் இருந்தபடியே சொன்னாள்.

"ஹாரன் கேட்டுச்சு. கிழங்கப் போட்டேன். முழங்கால் வரைக்கும் நனைஞ்சு வந்தாரு. கப்பல் போச்சுன்னாரு. முதல்ல சாப்பிடுங்கன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"சாப்பிட்டாரா?"

"ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாரு" என்றான் ஊட்லைவ். சொல்லும்போது அவனுக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது. "அதுவும் அறிக்கையில இருக்கு."