ஐந்து மாதம் ஐந்து நாள்

சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்து மூன்று நாளாகிறது. எண்பத்தேழாம் வருடத்துப் புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் ஓடாததால், மலையடிவாரத்து ஊரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கொளஞ்சியப்பன் மகளை நடத்தியே கூட்டிப்போனார்.

ஜெயசுதா எட்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கோடையிலேயே முடித்துவிட்டாள். அவளைப் பத்தாம் வகுப்பில் சேர்க்க டபுள் புரமோஷன் கேட்டுத் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். கல்வி அதிகாரி இன்று வரச் சொல்லியிருந்தார். இன்று போகாவிட்டால் இந்த வருடம் கிடையாது.

கச்சிராயபாளையம் தாண்டி, விழுந்த மரத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாய்யா, பொண்ண இட்டுக்கினு எங்க போற?"

"கணக்குப் பரீட்சைங்க."

"நாங்க இங்க ஊருக்கே கணக்கு கேட்டுக்கினு குந்திக்கினு கீறோம். உனுக்குத் தனியா ஒரு கணக்கா?"

சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "சீக்கிரம் திரும்பிடு. போலீஸ் வருதாம்."

கிளைகளுக்கிடையில் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். கொளஞ்சியப்பன் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருடைய பயம் அந்த ஆட்களைப் பற்றியதல்ல.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவர் ஒரு வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். கவர்மென்ட் வேலை கிடைத்தால் ஒரு வருடம் ஜாஸ்தி பார்க்கலாம் என்று ஊரில் எல்லோரும் செய்வதுதான். எழுபத்துநாலில் பிறந்தவள் ஏட்டில் 1-6-75 ஆனாள். மறு வருடம் மகனைச் சேர்க்கப் போன அவர் மனைவி இருசம்மாள், உள்ளபடி 6-11-75 என்று சொல்லிவிட்டு வந்தாள். பொய்த் தேதி கொடுத்தால் ஜெயில் என்று யாரோ சொன்னது முதல், பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு அந்தத் தேதிதான் நினைவுக்கு வரும்.

அலுவலகத்தில் அதிகாரி மட்டும் இருந்தார். ஊருக்குப் போக வழியில்லாமல் மூன்று நாளாக அங்கேயே படுக்கை. ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு டீயை எடுத்தார். டீ முடிவதற்குள் அவள் தாளை நீட்டினாள்.

"கணக்கு சரிம்மா. பெரிய பசங்க நடுவுல பயமா இருக்காதா?"

"கணக்குப் பீரியட்ல இப்பவே அங்கதாங்க உக்காந்துக்கினு இருக்கேன். எட்டாவதுலதாங்க பயமா இருக்குது."

"இன்னா பயம்?"

"தெரிஞ்சதையே கேட்டுக்கினு இருந்தா, இருக்கறதும் மறந்துடுமோன்னு."

தலைமையாசிரியர் அனுப்பியிருந்த அவளுடைய ஏட்டை அதிகாரி பார்த்தார். "வயசு இடிக்குதே. மூணு மாசம் கொறையுது, பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஆளப் பார்த்தா பதிமூணு இருக்கும்போல. தேதி நெசந்தானாப்பா? தப்புன்னா இப்பவே சொல்லு, திருத்த எழுதறேன்."

கொளஞ்சியப்பன் மேஜைமேலிருந்த ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அவளிடம் திரும்பினார். "தம்பி இருக்கானா? எப்பப் பொறந்தான்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். 

"எழுபத்தேழு நவம்பருங்க."

அதிகாரி ஏட்டை மூடினார். "அப்பச் சரியாத்தான் இருக்குது. நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் முன்னால் நடந்தாள். ஒரு மைல் தாண்டியதும் கொளஞ்சியப்பன் கேட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஆறாவதுல. தேதி கழிக்கிற கணக்குக்கு ஏட்டுல இருக்கற என் தேதியயும் தம்பி தேதியயும் போட்டேன். அஞ்சு மாசம் அஞ்சு நாள் வந்துது. தப்பாப் போட்டுட்டேன்னு நாலு வாட்டி போட்டேன்பா."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடமாகவும் கேட்டதில்லை. இன்னும் இரண்டு வருடம், தெரிந்ததையே கேட்டுக்கொண்டு, இதேபோல் பேசாமல் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

தூரத்தில் விழுந்த மரம் தெரிந்தது. அதற்கப்பால் போலீஸ் வண்டிகளின் சத்தம்போல் ஏதோ கேட்டது. அந்த அதிகாரி இன்று எங்கும் போக முடியாது, அங்கேயேதான் இருப்பார் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதுமே நின்றார்.

"திரும்பும்மா."

"வேணாம்பா. உன்னப் புடிச்சிக்கினு போயிட்டா?"

அவர் கள்ளக்குறிச்சிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். பின்னால் அவள் காலடி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.